மஞ்சள் தடவிய விசிட்டிங் கார்டு

சுனாமி வந்ததற்கு மறு வருஷம் ஆவணி மாசம், மரக்காணத்தில் ஒரு வீட்டில் மஞ்சள் நீராட்டு விழா நடந்தது. அந்த வீட்டில் அதற்கு முன்னால் இரண்டு விசேஷத்துக்கு நான்தான் சமைத்தேன். மூன்றாவதுக்கு என்னைக் கூப்பிடவில்லை. வீட்டுக்காரம்மாவைக் கடைத்தெருவில் பிடித்துக் கேட்டேன்.

"இன்னாம்மா, என்னைய கூப்பிடலயே? போன தரம் சாப்பிட்டது இன்னும் செரிக்கலயா?"

"ஐயே, அதெல்லாம் இல்ல ஆயா. உன்னை எங்கன்னு தேடறது? விடிஞ்சா உப்பளத்துல இருக்கிறே, சாயந்தரம் எங்க இருக்கிறேன்னு உனக்கே தெரியாது. சமையல் மாஸ்டரோட கார்டு காலண்டர்ல சொருகி இருந்துச்சு. வீட்டுக்காரரு எடுத்தாரு, போன் போட்டாரு, முடிஞ்சுபோச்சு."

மாஸ்டர் என்பவர் எங்கள் பக்கத்துக் கல்யாணச் சமையல்காரர். அவர் வைக்கும் ரசத்தை நான் குடித்திருக்கிறேன். அதை வெந்நீர் என்று சொன்னால் வெந்நீருக்குக் கோபம் வரும். ஆனால் அவரிடம் கார்டு இருந்தது, என்னிடம் இல்லை.

இதை இப்போது சிரித்துக்கொண்டே சொல்கிறேன், அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐப்பசியில் மழை இறங்கிவிட்டால் உப்பளத்தில் வேலை நின்றுவிடும். பாத்தியில் தண்ணீர் வற்றி மறுபடி கூப்பிடுவதற்குத் தை, மாசி ஆகிவிடும். அந்த மாசங்களில் எங்கள் பெண்கள் பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏறி சித்தாள் வேலைக்குப் போவார்கள். அதற்கு முந்தின வருஷம் நானும் போய் நின்றேன். மேஸ்திரி என் நரைத்த தலையைப் பார்த்தார். "ஆயா, நீ கல்லு தூக்கிடுவ. பாக்கறவங்க என்னைத்தான் திட்டுவாங்க" என்று சொல்லி ஒரு டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார். டீ நன்றாகத்தான் இருந்தது. ஆக, எனக்கு மழைக்காலத்தில் சமையல் வேலை கிடைத்தால்தான் உண்டு. என்னோடு கரண்டி பிடிக்க உப்பளத்துப் பெண்கள் மூன்று பேர் இருந்தார்கள். ஐப்பசி, கார்த்திகைக்கு எங்கள் கையில் ஒரு விசேஷம்கூட இல்லை.

திண்டிவனத்தில் ஒரு அச்சாபீசுக்குப் போய் எனக்குக் கார்டு வேண்டும் என்றேன். அங்கே இருந்தவர் யாருக்கு என்று இரண்டு முறை கேட்டார். எனக்குத்தான் என்று மூன்று முறை சொன்னேன்.

"ஆயிரம் கார்டுக்குக் கொறஞ்சு அடிக்க மாட்டோம் ஆயா."

"ஆயிரம் பேரா? நான் பொறந்ததுலேர்ந்து சண்ட போட்டவங்களையும் சேத்தாலே நானூறுதான் வரும். ஒரு அம்பது போட்டுக் குடு."

முடியாது என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து மருமகளிடம் நாமே செய்துவிடலாம் என்றேன். அவள் பத்தாவது படித்தவள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். வாயும் அப்படித்தான். நான் இரண்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவள்.

அட்டைக்குப் பஞ்சமில்லை. கடல் வந்துபோன பிறகு கடலோரம் பூராவும் லாரி லாரியாக நிவாரணச் சேலை வந்து இறங்கியது. எல்லாச் சேலைக்குள்ளும் மடிப்பு கலையாமல் இருக்க ஒரு வெள்ளை அட்டை வைத்திருந்தார்கள். சேலைகளில் பாதி எனக்குப் பிடிக்காத நிறம். அட்டை எல்லாம் பிடித்திருந்தது. மருமகள் அவற்றை எடுத்து டிரங்குப் பெட்டிக்கு அடியில் அடுக்கி வைத்திருந்தாள். மாஸ்டர் கார்டையே அந்த மஞ்சள் நீராட்டு வீட்டில் இரவல் வாங்கி வந்து, அளவு வைத்துக் கத்தரித்தோம்.

என்ன எழுதுவது என்பதில்தான் இரண்டு சாயங்காலம் போயிற்று.

"பேரு இன்னா போடறது அத்த?"

"என் பேரைத்தான்."

"உன் பேரு யாருக்குத் தெரியும்? ரேஷன் கார்டுல பாத்துத்தான் எனக்கே தெரியும்."

அதுவும் சரிதான். உப்பளத்தில் எல்லோரும் என்னைக் குழம்பு ஆயா என்றுதான் கூப்பிடுவார்கள். அதையே போடச் சொன்னேன். கீழே சைவம், அசைவம் என்று எழுதினாள்.

"வெளியூருக்கும் வருவோம்னு போடு."

"வெளியூர்னா எது?"

"எக்கியார்குப்பம்."

"அது வெளியூரா? நடந்தே போவலாம்."

"நடந்து போனா வெளியூர் இல்லயா? போடுடி, வெயிட்டா இருக்கும்."

போன் நம்பருக்கு டீக்கடையில் தொங்கும் ஒரு ரூபாய் காசு போன். யாராவது கூப்பிட்டால் எனக்கு ஆள் அனுப்புவதாக டீக்கடைக்காரர் ஒப்புக்கொண்டார். நம்பருக்குப் பக்கத்தில் மருமகள் பி.பி. என்று எழுதினாள். அப்படி என்றால் என்ன என்று கேட்டேன். அடுத்தவர் போன் என்று அர்த்தம் என்றாள். இதை இவ்வளவு கௌரவமாகச் சொல்ல வழி இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

படம் என் வேலை. கோலம் போடுகிற கைதானே, மூன்று புள்ளி வைத்து ஒரு அண்டா வரைந்தேன்.

"இது இன்னா அத்த, கெணறா?"

"ஆமா. உள்ள இருக்கறது மாஸ்டர் ரசம்."

ஐம்பது கார்டிலும் அண்டா நான் வரைந்தேன், எழுத்து அவள் எழுதினாள். முதலில் எழுதிய பத்துப் பன்னிரண்டில் நம்பர் ஓரத்தில் இடமில்லாமல் அடுத்த வரிக்கு மடங்கிக்கொண்டது. அவற்றை மாஸ்டரின் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கலாம் என்று தனியாக வைத்தேன்.

எல்லாம் முடிந்த வெள்ளிக்கிழமை காலையில் மஞ்சளைக் குழைத்து நாலு மூலையிலும் வைத்தேன். மருமகள் பதறினாள்.

"கார்டுக்கு யாரும் மஞ்ச வெப்பாங்களா?"

"புதுச் சட்டைக்கு வெக்கல? மஞ்ச இல்லாம அட்டைய நீட்டினா கருமாதி பத்திரிகைன்னு நெனச்சு தலை முழுவப் போயிடுவாங்க."

அவளும் சிரித்துக்கொண்டே மிச்சக் கார்டுகளை என் பக்கம் தள்ளினாள். அதுதான் கெட்டது. பதில் சொல்லி என்னைத் தடுத்திருக்க வேண்டும்.

சாப்பாட்டுத் தூக்கின் மூடியில் கார்டுகளை அடுக்கி, பக்கத்தில் கொஞ்சம் குங்குமமும் கல்கண்டும் வைத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போனேன். டீக்கு விடும்போது ஒவ்வொருத்தியிடமும் நீட்டினேன். குங்குமம் எடுத்து வைத்துக்கொண்டார்கள், கல்கண்டைப் போட்டுக்கொண்டார்கள், அட்டையை இடுப்பில் சொருகிக்கொண்டார்கள். படித்துப் பார்த்தவள் ஒருத்தி இல்லை. பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. மீதிப் பேர் கையெல்லாம் உப்பு. சாயங்காலம் உப்பள முதலாளி வீட்டுக்குப் போய் அந்த அம்மாவிடமும் ஒன்று கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கி, படிக்காமலே கண்ணில் ஒற்றிக்கொண்டார். விசிட்டிங் கார்டைக் கண்ணில் ஒற்றுகிறார்களே என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும். மரியாதை என்று பூரித்துப்போனேன்.

மறுநாள் பாத்தி வரப்பில் ஒருத்தி கேட்டாள், "ஆயா, தேதி சொல்லவே இல்லயே?"

என்னைக் கிண்டல் செய்கிறாள், ஓசிச் சாப்பாடு கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். "உனக்கில்லாத தேதியா? நாளைக்கு ஞாயித்துக்கெழமதானே, வா, வயிறு வெடிக்கப் போடறேன்" என்றேன். இன்னொருத்தி கேட்டாள். அவளுக்கும் அதையேதான் சொன்னேன். நல்ல ஜோக்காக இருந்ததால் நாலைந்து பேருக்குச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வாசலில் மூன்று பெண்கள் வந்து நின்றார்கள். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, கையில் மொய்க்கு ஒரு பிளாஸ்டிக் குடம். மருமகள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். பின்னாலேயே ஏழெட்டுப் பேர். அவர்களுக்குப் பின்னால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இன்னும் ஒரு முப்பது பேர்.

"எத்தினி மணிக்குக் காது குத்தறீங்க?" என்றாள் குடம் வைத்திருந்தவள்.

என் பேரனுக்கு அப்போது இரண்டரை வயசு. குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டு முடி எடுக்காமல் வளர்த்துப் பின்னல் போட்டிருந்தோம். மஞ்சள் தடவிய அட்டை ஒன்று என் கையிலிருந்து வந்ததும், உப்பளம் மொத்தமும் அந்தப் பின்னலைத்தான் நினைத்திருக்கிறது. மொட்டையும் காதுகுத்தும் என்று முடிவு கட்டிவிட்டார்கள். தேதியை நானே வாயால் சொல்லியிருந்தேன்.

மருமகள் என்னை அடுப்படிக்கு இழுத்தாள். "எல்லாம் உன் மஞ்ச! எங்கண்ணனுக்குச் சொல்லாம காதுகுத்துன்னு அவன் காதுல விழுந்தா வந்து ஊரையே ரெண்டாக்குவான்."

"உன் கையெழுத்த யாராவது படிச்சிருந்தா இந்தக் கதி வருமா?"

என்னோடு சமைக்கிற மூன்று பேரும்கூடப் பட்டுப்புடவையில் வந்து கூட்டத்தில் நின்றிருந்தார்கள். "உங்களுக்குத் தெரியாதாடி, இது வேலைக்கு எழுதின கார்டுன்னு?" என்று கேட்டேன்.

"தெரியும் ஆயா. கார்டுக்கு கார்டு, காதுகுத்துக்கு காதுகுத்து, ரெண்டும் ஒண்ணா வெச்சுட்டேன்னு நெனச்சோம்."

வாசலுக்கு வந்து உள்ளதைச் சொன்னேன். "தாய்மாமன் மடி இல்லாம காது குத்துவாங்களா? பையனோட மாமன் எங்கன்னு ஒருத்தியாவது யோசிச்சீங்களா?"

"சோறு உண்டுன்னு சொன்னே. மாமனைப் பத்தி எங்களுக்கு இன்னா?" என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தார்கள்.

அப்போதுதான் எனக்குத் திக்கென்றது. சமையலுக்குக் கூப்பிடுங்கள் என்று கார்டு கொடுத்தவள் வாசலிலிருந்து நாற்பது பேர் பட்டினியாகத் திரும்பிப் போகிறார்கள். அந்தக் கதை மழைக்கு முன்னாலேயே திண்டிவனம் போய்விடும். பிறகு எந்தக் கார்டும் என்னைக் காப்பாற்றாது.

"யாரும் நகரக் கூடாது. உக்காருங்க" என்றேன். என் மூன்று பேரிடமும், "பொடவைய தூக்கிச் சொருவுங்கடி" என்றேன்.

வீட்டில் இருந்தது ரேஷன் அரிசி, புளி, பானையில் நெத்திலிக் கருவாடு. பக்கத்துக் கொல்லையில் கத்திரிக்காய். விசேஷ வீட்டில் கருவாடு வைக்கக் கூடாதுதான். ஆனால் இது விசேஷ வீடே இல்லையே. பெரிய பாத்திரம் கிடையாது என்பதால் நாலு வீட்டுச் சட்டியில் பிரித்துக் குழம்பு வைத்தோம். மருமகள் வெங்காயம் உரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயம் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

முதல் பந்தி உட்கார்ந்திருக்கும்போது, உப்பளத்து ஆட்களிடம் தேதி கேட்டுக்கொண்டு முதலாளி வீட்டம்மா காரில் வந்து இறங்கினார். கையில் மூடி போட்ட டப்பா நிறையப் பழம். மூக்கைச் சுருக்கினார்.

"காதுகுத்துல கருவாடா?"

நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அந்த அம்மா லேசில் சிரிக்கிற ஆளில்லை. திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயில் உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்து இரண்டு வாய் சாப்பிட்டார். மூன்றாவது வாய்க்கு முன்னால் குழம்பு இன்னும் கேட்டார். எழுந்து போகும்போது பழத்தைக் கொட்டிவிட்டு டப்பாவை என்னிடம் நீட்டினார்.

"இதுல கொஞ்சம் ஊத்து. பொண்ணு மாசமா இருக்கிறா. எதைக் குடுத்தாலும் வாயில வெக்க மாட்டேங்கறா."

ஊற்றிக் கொடுத்தேன். வேலை ஏதாவது இருக்கிறதா என்று கேட்க வாய் துடித்தது. வாழ்க்கையில் அன்றைக்கு ஒரு நாள்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று மருமகள் இப்போதும் சொல்வாள்.

எல்லோரும் போனதும் அரிசி டின்னைத் தட்டிப் பார்த்தேன், அடி தெரிந்தது. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் கஞ்சி. மருமகள் என்னோடு பேசவில்லை. பேசினால் என்ன சொல்வாள் என்பது எனக்குத் தெரிந்ததால் நானும் வற்புறுத்தவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் டீக்கடைக்காரரே ஓடிவந்தார். "ஆயா, போன்! சீக்கிரம் வா, லைன்ல இருக்காங்க."

போனேன். கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த எல்லோரும் கிளாசை வைத்துவிட்டு என்னையே பார்த்தார்கள். ரிசீவரைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன். டீக்கடைக்காரர் திருப்பிக் கொடுத்தார்.

"கார்டு குடுத்துட்டு இப்பிடியா காக்க வெப்பாங்க?" முதலாளி வீட்டம்மா குரல்.

"ஓடியாந்தேன்மா."

"அந்தக் கொழம்ப அவ ஒருத்தியே ரெண்டு வேளைக்கு வெச்சுத் தின்னா. கார்த்திகை மாசம் வளைகாப்பு வெச்சிருக்கோம். எலைச் சாப்பாட்டுக்கு மாஸ்டருக்குச் சொல்லிட்டோம், இனிமே மாத்த முடியாது. கலந்த சாதம் ஏழும் நீ பண்ணணும். நூத்தம்பது பேரு. முடியுமா?"

"முடியும்மா."

"வளைகாப்புல கருவாடு வெக்க முடியாது, தெரியுமில்ல? மொத நாளே வந்து அவளுக்குத் தனியா ஒரு சட்டி வெச்சுட்டுப் போ. எங்க நாத்தனார் வீட்லயும் அந்த மாசம் ஒரு விசேஷம் இருக்குது, அவங்களும் பேசுவாங்க."

வீட்டுக்கு வந்து சொன்னேன். மருமகள் மூன்று நாளுக்குப் பிறகு வாயைத் திறந்தாள்.

"ஏழு சாதம் இன்னா இன்னா?"

"சர்க்கரைப் பொங்கல், புளி, எலுமிச்ச, தேங்கா, தயிரு, எள்ளு."

"ஆறுதான் ஆச்சு."

"ஏழாவது என்னான்னு கார்த்திகைக்குள்ள யோசிச்சுக்கலாம். பேப்பர எடு, எழுது."

தக்காளி சாதம் என்று அவளே எழுதிக்கொண்டாள். ஐப்பசி பிறந்து மூன்றாம் நாள் மழை பிடித்தது. உப்பளம் வெள்ளக்காடானது. மற்றவர்கள் பாண்டிச்சேரி பஸ்ஸுக்கு நின்றபோது நாங்கள் நாலு பேர் மட்டும் குடை பிடித்துக்கொண்டு மளிகைக் கடைக்கு வளைகாப்பு அரிசி பார்க்கப் போனோம்.