அம்மன் இறங்கிய உயரம்

எல்லையம்மன் பக்தர்கள் எல்லாருக்கும் ஏகாம்பரத்தின் வணக்கம். நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இருக்காது.

வல்லம் வடகாலில் நீங்கள் பார்க்கிற ஷெட்டுகளில் என் கை படாதது குறைவு. இரவல் வாங்கிய வெல்டிங் மிஷினோடு தொழில் தொடங்கினேன். நெல் அறுக்கிறவனுக்கு இரும்பு அறுக்கத் தெரியுமா என்று சிரித்தார்கள். கம்பெனிகளுக்கு மாடிப்படி, கைப்பிடிக் கம்பி, தள்ளுவண்டி, ரேக் எல்லாம் செய்து கொடுத்தேன். டிராயிங் படிக்க வராது. ஒருமுறை கண்ணால் பார்த்தால் போதும். சொந்தப் பட்டறை வைத்தேன். இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தேன். வெளியூர்ப் பிள்ளைகள் வாடகைக்கு இருக்க ரூம் கட்டினேன். மாடி வீடு எழுப்பினேன். எவனும் எனக்குக் கை கொடுக்கவில்லை. இவ்வளவும் செய்த என்னால், பெற்ற தகப்பனைக் கட்டிலிலிருந்து எழுப்பி நிற்க வைக்க முடியவில்லை.

போன வருஷம் பங்குனியில் நைனா குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு போய்விட்டது. ஆபரேஷன் நல்லபடியாகத்தான் முடிந்தது. “எலும்பு சேந்துடுச்சு. நடக்க விடுங்க. படுக்கப் போட்டா அப்படியே படுத்துடுவாரு” என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

நடக்க விடுவதற்கு நான் செய்யாதது இல்லை. கட்டிலிலிருந்து கழிவறை வரைக்கும் சுவரோடு கைப்பிடிக் கம்பி அடித்தேன். கம்பெனிக்குப் போடுகிற அதே பைப், அதே உயரம், அதே மஞ்சள் பெயிண்ட். யானை சாய்ந்தாலும் அசையாது.

நைனா பார்த்துவிட்டுக் கேட்டார். “இன்னாடா இது, வூடா கம்பெனியா? ஷிப்டுக்கு வேற போவணுமா நானு?”

“புடிச்சிகினு எழுந்திரு நைனா.”

பிடித்தார். எழ முடியவில்லை. இரண்டாவது முறை பிடித்தார், கால் நடுங்கி உட்கார்ந்துவிட்டார். பயம் என்று நினைத்தேன். வயசு என்று நினைத்தேன். பிடிவாதம் என்றுகூடத் திட்டினேன். கம்பியில் குறை இருக்கும் என்று நினைக்கவே இல்லை. எத்தனையோ கம்பெனியில் ஆபீசர்கள் வந்து பார்த்து ஒத்துக்கொண்ட உயரம் அது.

அப்புறம் தூக்குவதுதான் வேலை. காலையில் தூக்கு, குளிக்கத் தூக்கு, கழிவறைக்குத் தூக்கு. எனக்கே அறுபது தாண்டிவிட்டது. இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு தூக்கினேன். என் சம்சாரத்துக்கு முழங்கால் போய்விட்டது. பட்டறைக்குப் போனால் தூக்கம் வரும், வீட்டுக்கு வந்தால் தூக்கம் வராது. யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.

ஒருநாள் என் சம்சாரம் சொன்னாள். “இன்னாங்க, மாமா தண்ணியே குடிக்கிறதில்ல. சொம்பு வச்சா வச்சபடி கீது.”

போய்க் கேட்டேன். நைனா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “குடிச்சா போவணும். போவணும்னா ஒன்ன கூப்புடணும். நீ மூச்சு வாங்கறது எனக்குக் கேக்குதுடா.”

ஒரு வாய் தண்ணீருக்குப் பயப்படுகிற நிலைமைக்கு என் தகப்பனைக் கொண்டுவந்துவிட்டது விதி. அவருக்குச் சிறுநீரில் எரிச்சல் வந்து காய்ச்சலும் வந்தது. இப்படியே போனால் ஆள் மிஞ்ச மாட்டார் என்று தெரிந்துவிட்டது.

நான் யாரிடமும் எதுவும் கேட்டவன் இல்லை. ஆத்தாளிடமும் கேட்டதில்லை. தீபாராதனையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வந்துவிடுவேன். அந்த வெள்ளிக்கிழமை கேட்டேன். “ஆத்தா, எங்க நைனாவத் தூக்கிவுடு. என்னால முடியல” என்றேன். வேறு வார்த்தை வரவில்லை. வாராவாரம் அதையே கேட்டேன்.

ஆடி மாசம் கூழ் ஊற்றி, சாயங்காலம் அம்மன் பல்லக்கில் வீதி வந்தாள். நைனாவை வாசலில் நாற்காலியில் உட்கார வைத்திருந்தேன். எங்கள் தெருவில் ரோட்டுமேல் ரோடு போட்டுப் போட்டுத் தரை ஏறிவிட்டது, கேபிள் ஒயர் அப்படியே தொங்குகிறது. சரியாக எங்கள் வாசலில் பல்லக்கின் உச்சி ஒயரில் மாட்டப் பார்த்தது.

“ஏய், எறக்கு, எறக்கு, ஒயர் கீது” என்று முன்னால் போன பூசாரி கத்தினார். தோளில் இருந்த தண்டைக் கைக்கு இறக்கினார்கள். தண்டின் முனை நைனா பக்கத்தில் வந்து நின்றது. கும்பிடப் போன மனுஷன், இரண்டு கையையும் அதன்மேல் வைத்தார்.

“தாத்தா, கைய எடு, தூக்கணும்” என்றான் தூக்குகிறவன்.

“இருடா, எழுந்துக்கறேன்.”

எழுந்தார். யாரும் தொடவில்லை. தண்டை அழுத்தி ஊன்றினார், முதுகு நிமிர்ந்தது, நின்றார். தெருவே குலவை போட்டது. எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் இடுப்பிலிருந்து டேப்பை எடுத்தேன்.

“இன்னா ஏகாம்பரம், சாமியவே அளக்கிறியா?” என்றார் பூசாரி.

“சாமிய அளக்கல பூசாரி. தண்ட அளக்கறேன்.”

அப்போதுதான் விளங்கியது. நான் போட்ட கம்பி கூன் விழுந்த நைனாவுக்கு நெஞ்சு மட்டத்தில் இருந்தது. அதில் தொங்கலாம், ஊன்ற முடியாது. நான் தூக்கிவிடு என்று கேட்டேன். அவள் இறக்கு என்று காட்டினாள். வாய் திறந்து சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். தானே இறங்கி வந்து காட்டினாள்.

மறுநாள் காலையில் கம்பி முழுவதையும் நானே அறுத்தேன். ஆள் வைக்கவில்லை. தண்டு நின்ற உயரத்துக்கு இறக்கி, சமையல்கட்டு வரைக்கும் நீட்டி வெல்டு வைத்தேன். கழிவறையில் உட்காரும் இடத்தில் இரண்டு பக்கமும் வைத்தேன். வாசற்படிக்குச் சரிவுத் தகடு போட்டேன். நைனா ஒரே நாளில் நடந்துவிடவில்லை. திட்டிக்கொண்டே பழகினார். ஒருநாள் கட்டிலில் ஆளைக் காணோம் என்று ஓடினேன். கழிவறைக்குள் மக்கில் தண்ணீர் மொள்ளுகிற சத்தம் கேட்டது. வெளியே வந்தவர் என்னைப் பார்க்கவே இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு சமையல்கட்டு வரைக்கும் போய், “யம்மா, ஒரு சொம்பு தண்ணி குடு” என்றார். அண்ணாந்து முழுசும் குடித்தார். நான் மாடிக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன்.

அசதி இன்னும் போகவில்லை. அவர் கம்பியைத் தட்டி நடக்கிற சத்தம் நின்றால் என் மூச்சும் நிற்கிறது. ஆனால் நைனாமேல் இருந்த கோபம் போய்விட்டது. வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறேன். உங்கள் வீட்டிலும் விழுந்த பெரியவர் இருந்தால் ஆத்தாளை நம்பிக் கேளுங்கள். அவள் எந்த வழியாகக் காட்டுகிறாள் என்று கண்ணைத் திறந்து வைத்திருங்கள். அடுத்த வீட்டு உயரம் உங்கள் வீட்டுக்கு ஆகாது. அவரவர் கை தொங்குகிற இடத்தில் அளவு எடுங்கள். என் பட்டறைக்கு வந்தால் நானே எடுத்துத் தருகிறேன்.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். “அம்மன் தண்டைப் பிடித்துத் தாத்தா எழுந்தார்” என்று பூசாரி மைக்கில் சொல்கிறார். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் பல்லக்கு அன்றைக்கே அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. மறுநாளிலிருந்து அவரை எழுப்புவது நான் வைத்த கம்பி. இந்த ஆடிக்கு மைக்கில் சொல்லும்போது, இறக்கிக் காட்டியது ஆத்தா, இறக்கி வைத்தது ஏகாம்பரம் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆத்தாளுக்கு இதில் வருத்தம் இல்லை. அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.