வாய் அசைவும் குரலும் சேராத படம்

1. சொல் அகப்படாத மனிதர்

கொட்டாஞ்சேனையில் அந்தத் தொடர்மாடியின் படிகளில் நான் முதல்முறை ஏறிப்போனபோது, கதவுக்கு வெளியிலேயே துப்பாக்கிச் சத்தம் கேட்டது. கதவைத் திறந்த ரீட்டா அக்கா, "பயப்படாதீங்க மிஸ், டீவீ" என்றார்.

நான் ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட். அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை செய்து ஓய்வு பெற்றேன். இப்போது வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறி, ஸ்ட்ரோக் வந்து பேச்சை இழந்தவர்களின் வீடுகளுக்குப் போய்வருகிறேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் தமிழ்ப் பிள்ளைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் பயிற்சிமுறைகளைப் பற்றித்தான். அவை பாடப்புத்தகத்தில் இருக்கின்றன. அதில் இல்லாத ஒன்றை எழுதலாம் என்று நினைக்கிறேன்.

ரீட்டா அக்காவின் கணவர் மரியதாஸ் துறைமுகத்தில் வாஃப் கிளார்க்காக இருந்தவர். கப்பலில் வந்த சாமான்களைச் சுங்கத்திலிருந்து வெளியே எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. சுங்க அதிகாரியிடம் சிங்களத்திலும், கம்பனிக்காரரிடம் ஆங்கிலத்திலும், லொறிக்காரரிடம் தமிழிலும் காலை முதல் மாலை வரை பேசுகிற வேலை. ஸ்ட்ரோக் வந்து வலது கையையும் பேச்சையும் கொண்டுபோய்விட்டது. நாங்கள் அதை அஃபேசியா என்போம். நாங்கள் சொல்வது அவருக்கு விளங்கும். தான் சொல்ல நினைப்பதும் தெரியும். ஆனால் அதற்குரிய சொல் அகப்படாது. தண்ணீர் கேட்க வாயைத் திறந்தால் "சாவி" என்று வரும். வந்தது பிழை என்று அவருக்கே தெரியும். அதுதான் இந்த நோயின் கொடுமை.

நான் பையிலிருந்து பிக்சர் கார்ட்களை எடுத்தேன். கோப்பை, பசு, சீப்பு. அவர் ஒருமுறை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். டீவீயில் தொப்பி போட்ட ஒருவன் வெயிலில் நின்றுகொண்டிருந்தான்.

"இத்தாலிக்காரன் எடுத்த பழைய கௌபாய் படம் மிஸ். மகன் பென்ட்ரைவ்ல போட்டுக் குடுத்தான். விடிஞ்சா இதுதான். முடிஞ்சா திரும்ப முதல்ல இருந்து" என்றார் ரீட்டா அக்கா. "எனக்குப் பைத்தியம் புடிக்கப் போவுது."

நான் ரிமோட்டை எடுத்து டீவீயை நிறுத்தினேன். மரியதாஸ் என்னைப் பார்த்துச் சிங்களத்தில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். துறைமுகத்தில் மட்டும் கேட்கக்கூடிய வார்த்தை. ஓர் எழுத்துப் பிசகில்லை.

ரீட்டா அக்கா தலையில் கையை வைத்துக்கொண்டார். எனக்கோ சந்தோஷம். ஏச்சும் செபமும் பாட்டும் மூளையில் வேறு வழியால் வருகிறவை. பேச்சு போனாலும் அவை பலருக்கு அழியாமல் தப்பிவிடும். என்றாலும் குரல் இருக்கிறது, கோபம் இருக்கிறது, வேலை செய்யலாம் என்று தெரிந்துவிட்டது. நான் டீவீயை மறுபடி போட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

2. அந்தப் படத்தில் என்ன இருந்தது

எனக்குச் சண்டைப் படங்கள் பிடிக்காது. அடுத்தடுத்த கிழமைகளில் இந்தப் படத்தைத் துண்டு துண்டாக முழுவதும் பார்த்தேன். கதை பெரிதாக இல்லை. தூசி பறக்கும் ஓர் ஊர். அங்கே ஒருவன் வருகிறான். தமையனைக் கொன்றவனைத் தேடுகிறான். கடைசியில் இருவரும் வெறும் தெருவில் எதிரெதிரே நிற்கிறார்கள்.

ஆனால் அவர்கள் நிற்கிற விதம்! உடனே சுடமாட்டார்கள். ஒருவனுடைய கண்ணைத் திரை முழுவதும் காட்டுகிறார்கள். பிறகு மற்றவனுடைய கை. நெற்றியில் இறங்கும் வியர்வை. ஜன்னலுக்குப் பின்னால் ஒரு கிழவியின் முகம். மறுபடி கண். எங்கிருந்தோ ஒரு விசில் இசை மெல்ல ஏறுகிறது. ஒரு சொல் கிடையாது. ஆனாலும் யாருக்குப் பயம், யார் களைத்துப்போனவன், யார் சாவதற்குத் தயார் எல்லாம் விளங்குகிறது. பக்கத்தில் மரியதாஸ் மூச்சுவிடாமல் இருந்தார்.

ஒருநாள் அவர் இடது கையால் என் தோளைத் தட்டி, திரையில் பேசிக்கொண்டிருந்தவனின் வாயைக் காட்டினார். பிறகு தன் வாயைக் காட்டினார். எனக்கு விளங்கவில்லை. அவர் சலிக்காமல் மறுபடி மறுபடி காட்டினார். அப்போதுதான் கவனித்தேன். திரையில் வாய் ஒரு மாதிரி அசைந்தது, குரல் வேறு மாதிரி வந்தது. வாய் மூடிய பிறகும் பேச்சு கேட்டது.

மகன் ரொஷான் அன்று வீட்டில் இருந்தான். கொள்ளுப்பிட்டியில் விளம்பரக் கம்பனியில் வேலை. அவன்தான் விளக்கினான்.

"அந்தக் காலத்து இத்தாலிப் படம் எல்லாம் அப்பிடித்தான் மிஸ். ஒரு அக்டர் இத்தாலியன்ல கதைப்பான், மத்தவன் ஸ்பானிஷ்ல கதைப்பான், இன்னொருத்தன் இங்கிலீஷ்ல. ஷூட்டிங்ல சத்தம் பதியிறதே இல்ல. எல்லாக் குரலும் பிறகு ஸ்டூடியோல போட்டது."

மரியதாஸ் மகனைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பிறகு மறுபடி தன் வாயைத் தொட்டுக் காட்டினார். வாய் ஒன்று சொல்ல, வேறொன்று வெளியே வருகிற மனிதர்கள். அவர்களை யாரும் மூளை கெட்டவர்கள் என்று நினைக்கவில்லை.

எனக்கு இன்னொன்றும் பிடிபட்டது. அந்தப் படத்தில் ஒருவனிடம் கேள்வி கேட்டால் அவன் உடனே பதில் சொல்வதில்லை. சுருட்டைப் பற்றவைப்பான். கேட்டவனைப் பார்ப்பான். எல்லாரும் காத்திருப்பார்கள். இந்த வீட்டில் மரியதாஸ் வாயைத் திறந்து ஒரு மூச்சு எடுப்பதற்குள், "தேத்தண்ணியா? முதுகு வலிக்குதா? ஃபேனைக் கூட்டவா?" என்று கேள்விகள் வந்து விழுந்தன. அன்பினால்தான். ஆனால் தேடிக்கொண்டிருந்த சொல் அந்தச் சத்தத்தில் தொலைந்துபோகும். அவர் கண்ணை மூடிக்கொள்வார்.

அன்றிலிருந்து பிக்சர் கார்ட்களை வெளியே எடுக்கவில்லை. படத்தை நிறுத்திவைத்து அதிலிருந்தே கேட்டேன்: "இவன் இப்ப என்ன செய்யப் போறான்?" கேட்டுவிட்டு நானும் பேசாமல் இருந்தேன். பேசாமல் இருப்பது எங்கள் தொழிலில் மிகக் கடினமான காரியம். செய்து பார்த்தால் தெரியும். முதலில் "சுடு" வந்தது. பிறகு "நில்". பிறகு "வேண்டாம்". ஒருநாள் கதாநாயகன் குதிரையைத் திருப்பிக்கொண்டு போகும்போது, "வீட்ட" என்றார். வீட்டுக்குப் போகிறான் என்று அர்த்தம்.

ரீட்டா அக்காவும் காத்திருக்கப் பழகினார். உதட்டைக் கடித்துக்கொண்டு, சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு இருப்பார். ரொஷானால்தான் முடியவில்லை. அப்பாவின் சொல்லை அவனே சொல்லி முடித்துவிடுவான்.

3. ஆஸ்பத்திரி வாட்டில்

மரியதாஸுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, நெடுநாளாக இருந்தது. வலது காலில் ஒரு புண் வந்தது, ஆறவில்லை, விரல்கள் கறுத்தன. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தொடையோடு காலை எடுக்க வேண்டும் என்று சத்திரசிகிச்சை நிபுணர் சொன்னார்.

ரீட்டா அக்கா போனில் அழுதார். "தலைய ஆட்டிக்கிட்டே இருக்காரு மிஸ். வேணாங்கிறாரா, வலிக்குதுங்கிறாரா, ஒன்னும் வெளங்கல. சின்ன டொக்டர் அவருக்குச் சொன்னா வெளங்காதுன்னு எழுதிட்டாரு. ஒப்பரேசனுக்கு ரொஷான் சைன் வைக்கப் போறான்."

நான் போனபோது நிபுணர் வாட்டில் இருந்தார். சிங்களவர், நிதானமான மனிதர். நான் யார் என்று சொன்னேன். "எயாட்ட தேரெனவாத?" என்று கேட்டார். அவருக்கு விளங்குகிறதா என்று. விளங்கும், ஆனால் பதில் சொல்ல நேரம் வேண்டும் என்றேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அதை நான் இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

கட்டிலில் குனிந்து மரியதாஸின் கண்ணுக்கு நேரே என் முகத்தைக் கொண்டுபோனேன்.

"அண்ணை, நான் சொல்றதை வடிவாக் கேளுங்கோ. கால் பழுதாப் போச்சு. வெட்டி எடுத்தா உயிர் தப்பலாம். ஆனா உங்கட உடம்பு ஒப்பரேசனைத் தாங்குமோ எண்டும் சொல்ல ஏலாது. வெட்டாட்டி விஷம் ஏறும். கொஞ்ச நாள்தான். என்ன செய்வம்?"

காத்திருந்தோம். ரொஷான், "அப்பா, வெட்டினாத்தான்..." என்று தொடங்கினான். ரீட்டா அக்கா அவன் கையைப் பிடித்தார். "வாய மூடு, மகன். அப்பா தேடுறார்."

மரியதாஸ் முதலில் நிபுணரைப் பார்த்தார். பிறகு மகனை. மனைவியை நெடுநேரம் பார்த்தார். அவருடைய நெற்றி வியர்த்திருந்தது. உதடு கூடி, பிரிந்து, மறுபடி கூடியது. பக்கத்துக் கட்டில்காரரும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். யாரும் அசையவில்லை.

"வெட்ட," என்றார். மூச்சு வாங்கியது. "வேண்டாம்."

அஃபேசியாக்காரருக்கு 'ஓம்', 'இல்லை' மாறி விழும். ஒரு தடவை கேட்டு முடிவெடுக்கக் கூடாது. கேள்வியைத் திருப்பியும் கேட்க வேண்டும்.

"காலை வெட்டுவமா?"

"இல்ல."

"வெட்டாம விடுவமா?"

"ஓம்."

"வெட்டாட்டி செத்துப்போவீங்கள், தெரியுமோ?"

என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "ஓம்" என்றார். பிறகு ரீட்டா அக்காவைப் பார்த்து, "வீட்ட" என்றார்.

நிபுணர், நாளைக்கு வந்து தானே கேட்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் ஒரு தமிழ்த் தாதியை வைத்துக்கொண்டு அவரே கேட்டார். அதே பதில்தான். மரியதாஸை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ரொஷான் என்னை வாட்டு வாசலில் மறித்தான். "நீங்க வந்திருக்காட்டி நான் சைன் வச்சிருப்பன். அப்பா உயிர் தப்பியிருப்பார். உங்களுக்கு அவர் ஒரு பேஷன்ட். எனக்கு அப்பா."

அப்படிச் சொல்ல அவனுக்கு உரிமை இருந்தது.

4. கேட்டதற்குக் கிடைத்த பதில்

மரியதாஸ் சில கிழமைகள் இருந்தார். வலிக்கு மருந்து கொடுத்தார்கள். நான் போவேன், பயிற்சி ஒன்றும் இல்லை, சும்மா பக்கத்தில் இருப்பேன். கடைசி நாட்களில் அவர் டீவீயைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருப்பார். ஒரு விடியற்காலை, ரீட்டா அக்கா செபமாலை சொல்லிக்கொண்டிருக்கும்போது போய்விட்டார்.

முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகு மாதா கோயில் வளவில் ரொஷான் என்னிடம் வந்தான். அவன் பேச வந்ததே எனக்கு ஆச்சரியம்.

"சாக முந்தி ஒருநாள் அப்பா என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். எதையோ சொல்லப் பாத்தார். நான் வாயே திறக்கல மிஸ். எவ்வளவு நேரம் எண்டு தெரியாது. பிறகு 'கோவமா?' எண்டு கேட்டார்."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"ஓம் எண்டன். பொய் சொல்லத் தோணல. அவர் விளங்குது எண்ட மாதிரித் தலைய ஆட்டினார். என்ர கையப் புடிச்சுக்கிட்டார். அவ்வளவுதான்." அவன் கண்ணைத் துடைத்தான். "இப்பவும் கோவம்தான். ஆனா அவர் கேட்டார். அவரைக் கேக்காம நான் சைன் வச்சிருந்தா, அவரும் என்னட்டக் கேட்டிருக்க மாட்டார் எண்டு நினைக்கிறன். எனக்குத் தெரியாது."

எனக்கும் தெரியாது. அந்தக் காலை எடுத்திருந்தால் மரியதாஸ் இன்னும் சில வருடம் இருந்திருக்கலாம். ஒப்பரேசன் மேசையிலேயே போயிருக்கவும் கூடும். இதை நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். நோயாளி எதை விரும்பிப் பார்க்கிறார் என்று பாருங்கள். உங்கள் கார்ட்களைவிட அது அவருக்குக் கிட்டவாக இருக்கும். கேள்வி கேட்டால் வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். நாங்கள் பேச்சைத் திருப்பிக் கொடுக்கிறோம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். பேச்சு திரும்பி வந்த மனிதர், நாங்கள் கேட்க விரும்பாததையும் சொல்லுவார். அந்த நேரத்தில் அவர் கட்டிலுக்குப் பக்கத்திலிருந்து எழுந்து போகாதீர்கள்.