ஒரு தேவாங்குக்கு எதிராக

நான் வேலை பார்ப்பது குண்டசாலையில், ஒரு சின்ன மென்பொருள் கம்பனியில். வீடு வத்தேகமவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தில். அலுவலக வேலை போக, ஒரு கணினி மொழிக்கும் உதவிக்கொண்டிருந்தேன். வெளிநாட்டுக்காரர் ஒருவர் தொடங்கி, பல நாட்டவர் சம்பளமில்லாமல் சேர்ந்து வளர்த்த மொழி அது. அதற்குச் சின்னமாக யாராவது ஒரு மிருகத்தை வரைந்து தாருங்கள் என்று அவர் கேட்டபோது தேவாங்கை வரைந்து அனுப்பினேன். எங்கள் லயத்து வீடுகளுக்குப் பின்னாலிருக்கும் மரங்களில் அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அவசரப்படாது, பிடித்த கிளையை விடாது.

படத்தைப் பார்த்த அம்மா, "வேற மிருகமே கெடைக்கலையா ஒனக்கு?" என்றார். மொழியைத் தொடங்கியவருக்குப் பிடித்துவிட்டது. அன்றைக்கே தளத்தின் முகப்பில் போட்டு, கீழே என் பெயரையும் எழுதினார்.

மறுநாள் காலை பஸ்ஸில் கருத்துகளைத் திறந்தேன்.

"இது மிருகமா, வியாதியா?"

"சாப்பாடு கிடைக்காத நாட்டிலிருந்து வந்திருக்கிறது போல."

எழுதியவர்களில் பலர் என்னோடு மாதக்கணக்காகப் பண்பாகப் பேசியவர்கள். நான் எழுதிய விளக்கக் குறிப்புகளை எப்போதும் புகழும் ஒருவர், தேவாங்கின் கண்களை மட்டும் வெட்டிப் பெரிதாக்கிப் போட்டிருந்தார். பிறகு யாரோ என் புகைப்படத்தைத் தேடியெடுத்துத் தேவாங்குக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தார்கள். மெலிந்த கை, கறுத்த முகம், பெரிய கண். 'வரைந்தவர் கண்ணாடியைப் பார்த்து வரைந்திருக்கிறார்' என்று கீழே ஒரு வரி. அதற்குச் சிரிப்புக் குறிகள் குவிந்திருந்தன. யார் யார் சிரித்தார்கள் என்று பார்த்துக்கொண்டே போனேன். அலுவலகத்தில் எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருப்பவளின் பெயரும் இருந்தது.

அவள் அக்குறணைக்காரி. மத்தியானச் சாப்பாட்டை என்னோடு பகிர்ந்து சாப்பிடுபவள். போன உடனே கேட்டேன்.

"நீங்களும் சிரிச்சீங்களா?"

"எல்லாரும் அமத்தினாங்க, நானும் அமத்தினேன். அதுக்கு இப்ப என்ன?"

"அது என் மூஞ்சிங்க."

"கோவிக்காதீங்க. கொஞ்சம் ஒங்கள மாதிரித்தானே ஈக்குது."

பின்னாலிருந்த இருவர் வாய்விட்டுச் சிரித்தார்கள். மத்தியானத்துக்குள் அந்தப் படம் அலுவலக வட்ஸ்அப் குழுவில் ஸ்டிக்கராகிவிட்டது. யாருடைய வேலையில் பிழை வந்தாலும் அதைப் போட்டார்கள். மனேஜரும் போட்டார். நான் குழுவை விட்டு விலகினேன். வேலை விஷயம் தெரியாமல் போகும் என்று மனேஜரே திரும்பச் சேர்த்துவிட்டார்.

அந்த வாரம் மொழியைத் தொடங்கியவர் எனக்குத் தனியாக எழுதினார். தனக்கு இன்னமும் படம் பிடித்திருக்கிறதாம். ஆனால் எல்லோருடைய ஒற்றுமைக்காகவும் நானே அதைத் திரும்பப் பெற்றால் நல்லதாம்.

"போட்டது நீங்கள். எடுப்பதும் நீங்களே" என்று பதில் போட்டேன்.

எடுத்தார். வெளிப்படையாகக் கருத்துச் சொன்ன அனைவருக்கும் நன்றி தெரிவித்தார். என் பெயரைச் சொல்லவில்லை. அந்த இடத்தில் ஒரு வட்டமும் உள்ளே ஓர் எழுத்தும் வந்தன. "இப்போதுதான் பார்க்கிற மாதிரி இருக்கிறது" என்று எழுதினார், கண்களை வெட்டிப் போட்டவர். அதன் பிறகு அந்த மொழிக்கு நான் ஒரு வரிகூட எழுதவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவுமில்லை.

சில மாதங்களில் அக்குறணைக்காரிக்குக் கல்யாணம் நிச்சயமானது. சாப்பாட்டு நேரத்தில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கார்டுக்கு நீங்கதான் கீறித் தரணும். பூவும் கொடியும் போதும். மொகம் ஒண்டும் வாணாம், சரியா?" என்று என் தோளைத் தட்டினாள்.

"முடியாதுங்க."

"சும்மா சொன்னதுக்கும் கோவமா? ஒங்களுக்கு ஒரு பகிடியும் தாங்க ஏலா."

கார்டைக் கடையில் அடித்துக்கொண்டாள். ஒவ்வொரு மேசையாக நின்று, சிரித்துப் பேசிக் கொடுத்துக்கொண்டு வந்தாள். என் மேசைக்கு வந்ததும் போனைக் காதில் வைத்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனாள்.