நாற்றம் கறியில் இல்லை

அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேனே தவிர ஒரு வேலையும் ஓடவில்லை. அப்பாவின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் போனில் இருந்தது. அதைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ரேஷன் அட்டையிலிருந்து ரிப்போர்ட் வரை எல்லாம் என் கைக்குத்தான் வரும். அதில் எனக்குக் கர்வம் உண்டு, இப்போதும் உண்டு. ஆனால் வாசித்துச் சொன்னால் மட்டும் அப்பா கேட்டுவிடுவாரா?

சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு ரத்தத்திலேயே தங்கி ஏறிக்கொண்டு போகிறது, சீக்கிரமே டயாலிசிஸ் தேவைப்படும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்காகக் கையில் ரத்தக் குழாய்களை இணைத்து ஒரு சின்ன ஆபரேஷன் செய்ய வேண்டும். அது ஆறித் தயாராக வாரக்கணக்கில் ஆகும், தள்ளிப் போடாதீர்கள் என்றார். அப்பா "பாக்கலாம்" என்றார். அவர் பாக்கலாம் என்றால் மாட்டேன் என்று பொருள்.

அப்பா சிவாஜிநகரில் ஒரு மட்டன் கடையில் கறி வெட்டுகிறவர். அவர் மூக்குக்கு அங்கே தனி மரியாதை. ஒரு தொடையை மோந்துவிட்டு 'இது வேணாம்' என்றால் கடைக்கார பாய் மறுபேச்சில்லாமல் ஒதுக்கிவிடுவார். அப்படிப்பட்டவர் சில மாதங்களாக வீட்டில் கறிக்குழம்பு வைத்தால் தட்டைத் தள்ளினார். "சொல்லாம கொள்ளாம மாலை போட்டுட்டாரு போல" என்று அம்மா கிண்டல் செய்தாள். அப்பா சீப்பால் முதுகைச் சொறிந்துகொண்டே சிரித்தார். அந்த அரிப்பும் ஓயவே இல்லை.

மதியம் பாய் போன் செய்தார். "கொஞ்சம் வாம்மா. உங்க அப்பா கஸ்டமரை வெரட்டறாரு."

பஸ் நகரவில்லை. பாதி வழியில் இறங்கி, துணிக்கடைகளுக்கு நடுவே ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

"காலைல அறுத்த ஆடும்மா" என்றார் பாய். "கறி வாங்க வந்த ஒரு அம்மாகிட்ட, கெட்டுப் போச்சு, வாங்காதீங்கன்றாரு. என் கடைல நின்னுகினு எனக்கே ஆப்பு வெக்கறாரு."

"நாறுதும்மா" என்றார் அப்பா. வெட்டுக்கட்டையில் இருந்த துண்டை என் பக்கம் தள்ளினார். "நீயே மோந்து பாரு."

குனிந்தேன். பச்சைக் கறியின் வாடை, அவ்வளவுதான். நிமிரும்போது அவர் மூச்சு என் முகத்தில் பட்டது. மூத்திர நெடி. பல வாரங்களாக வீட்டில் அடித்த நெடிதான். குளியலறையைக் கழுவிக் கழுவி அம்மாவுக்குக் கை தோலுரிந்திருந்தது.

"கறி நல்லாத்தாம்பா இருக்கு. நாத்தம் உன்கிட்டருந்து வருது."

பாய் வேறு பக்கம் பார்த்தார். நான் நிறுத்தவில்லை. "ரத்தத்துல தேங்கன கழிவுதான் வாய்ல, மூச்சுல வருது. நாக்கு ருசியும் அதான் மாறிடுச்சு. இனிமே எந்தக் கறியும் உனக்குக் கெட்ட கறிதான்."

அப்பா உள்ளங்கையை வாயருகே குவித்து ஊதி மோந்து பார்த்தார். பிறகு கறித்துண்டை எடுத்து மோந்தார். மறுபடியும் கை. மறுபடியும் கறி.

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு" என்றார் மெதுவாக.

ரோட்டில் ஆட்டோக்காரன் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தான்.

"எந்தக் கைல ஆபரேஷன் பண்ணுவாங்க?" என்றார் அப்பா.

"இடது கைல. அதால வெயிட் தூக்கக் கூடாது. வலது கையால வெட்டலாம்."

"அப்ப ஆட்டை யாரு தூக்கி மாட்டறது?"

"ஏன், நான் செத்தா போயிட்டேன்?" என்றார் பாய். "நான் தூக்கறேன். நீ போய்ட்டு வாண்ணா."

"நீயா? தராசுக் கல்லைத் தூக்கவே உனக்கு மூச்சு வாங்குது."

பாய் சிரிக்கவில்லை. அப்பா கத்தியைக் கழுவிக் கட்டைமேல் வைத்தார். லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் போன் போடு."

போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் மனம் மாறுவதற்குள் யாராவது எடுக்க வேண்டுமே என்று கடை வாசலுக்கும் வெட்டுக்கட்டைக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.