ஓட்டுநர் இருக்கையில் அரிசி மூட்டை

1999 ஜனவரியில் நஞ்சுண்டனின் எடை நூற்று அறுபது பவுண்டு. அரிசிக் கணக்கில் எட்டு மூட்டை.

இந்தக் கணக்கை அவன் போட்டது காருக்காக. டெக்சஸில், டாலஸ் விமான நிலையத்தை ஒட்டிய காப்பெல் என்ற ஊரில், அவனுடைய அபார்ட்மென்ட் வாசலில் சிவப்பு மியாட்டா ஒன்று நின்றது. இரண்டே இருக்கை, மடக்கும் துணிக்கூரை. கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. போட்டோவைப் பார்த்த உடுமலைப்பேட்டை மாமனார், பின்சீட்டைத் தனியாக அனுப்புவார்களா என்று போனில் விசாரித்தார்.

நஞ்சுண்டன் கோபிச்செட்டிபாளையத்துக்காரன். வார நாட்களில் ஒரு வங்கிக்கு மென்பொருள் எழுதினான். மாதம் ஒரு ஞாயிறு, ஒரு காலி மைதானத்தில் ஆரஞ்சு நிறக் கூம்புகளை வரிசையாக வைத்து, அவற்றுக்கிடையே வண்டிகளை ஒவ்வொன்றாக வளைத்து ஓட்டி நேரம் பார்ப்பார்கள். அதில் அவன் இதுவரை எந்தப் பரிசும் வாங்கியதில்லை. காரணம் அலைன்மென்ட் என்று முடிவு செய்தான்.

அலைன்மென்ட் என்பது சக்கரங்கள் எப்படி நிற்க வேண்டும் என்று தீர்மானிப்பது. சக்கரத்தின் தலை உள்பக்கம் சாய்ந்திருந்தால் வளைவில் டயர் நன்றாகப் பிடிக்கும். அந்தச் சாய்வு கேம்பர். முன்சக்கரங்கள் இரண்டும் நேரே பார்க்கின்றனவா, உள்ளே பார்க்கின்றனவா, வெளியே பார்க்கின்றனவா என்பது டோ. வெளியே பார்த்தால் வண்டி நினைத்த மாத்திரத்தில் திரும்பும். நினைக்காதபோதும் திரும்பும். இந்த இரண்டில் முதல் வரியை மட்டும் நஞ்சுண்டன் படித்திருந்தான்.

ஓட்டுநர் உட்கார்ந்தால் வண்டி கொஞ்சம் அமுங்கும், கோணங்கள் மாறும். ஆகவே அவர் எடையை இருக்கையில் வைத்துத்தான் அளவெடுக்க வேண்டும் என்பது பந்தயக்காரர்களின் வழக்கம். வண்டியை உயர்த்தும்போது ஆள் உள்ளே இருக்கக் கூடாது என்றார் பட்டறைக்காரர் டேல். இன்ஷூரன்ஸ் ஒத்துக்கொள்ளாது, மணல் மூட்டை வாங்கி வரலாம். மணலை வாங்கி அப்புறம் என்ன செய்வது என்று யோசித்த நஞ்சுண்டன், இந்தியக் கடையில் இருபது பவுண்டு பொன்னி அரிசி எட்டு மூட்டை வாங்கி வந்தான். ஓட்டுநர் இருக்கையில் அடுக்கினான். சாயாமல் இருக்க சீட் பெல்ட்டும் போட்டுவிட்டான்.

கேம்பர் அதிகபட்சம், டோ வெளிப்பக்கம். டேல் கேட்ட ஒரே கேள்வி, இதைத் தினமும் ஓட்டுவீர்களா என்பது. ஓட்டுவேன் என்றான். பத்து நிமிடத் தூரத்தில் ஆபீஸ், எல்லாம் உள்ளூர்ச் சாலை. அன்றைக்கு அது உண்மைதான்.

மார்ச்சில் அவன் மனைவி தென்றலுக்கு வேலை கிடைத்தது. கோவையில் பொறியியல் படித்துவிட்டு, கணவனைச் சார்ந்த விசாவில் வந்து, வேலை பார்க்க அனுமதி இல்லாமல் இரண்டு வருடம் காப்பெல்லில் உட்கார்ந்திருந்தவள். இரண்டாயிரமாவது வருடம் பிறந்ததும் கம்ப்யூட்டர்கள் தேதியைத் தப்பாகப் படிக்குமோ என்று ஊரே பயந்துகொண்டிருந்தது. அதைச் சோதித்துப் பார்க்க ஆள் போதவில்லை. ரிச்சர்ட்சனில் ஒரு தொலைபேசிக் கம்பெனி அவளை டெஸ்டராக எடுத்து, சொந்த விசாவும் வாங்கிக் கொடுத்தது. வேலை போனால் விசாவும் போகும்.

ரிச்சர்ட்சன் இருபது மைலுக்கு மேல். போவதற்கு 635 ஃப்ரீவே. நஞ்சுண்டன் நண்பன் சேனாபதியின் காரில் தொற்றிக்கொண்டான். மியாட்டா தென்றலிடம் வந்தது. இரண்டே வாரத்தில் அவள் ஃப்ரீவேயை விட்டு உள்சாலைகளில் போகத் தொடங்கினாள். காலைக் கூட்டத்துக்குத் தாமதமானாள். மே மாதம் மானேஜர் கூப்பிட்டு, இது இனித் தொடரக் கூடாது என்றார்.

அந்த வாரம் சனிக்கிழமை மதியம் சேனாபதி வழக்கம்போல் சாப்பிட வந்திருந்தான். சென்னைக்காரன், பிரம்மச்சாரி.

"வண்டி நேராப் போக மாட்டேங்குதுங்க," என்றாள் தென்றல். "லாரித் தடத்துல சக்கரம் எறங்குனா அது பாட்டுக்குப் பக்கத்து லேனுக்குப் போகுது."

"நீ ஸ்டியரிங்க இறுக்கிப் புடிக்கிற அம்மிணி. லூசா விடு. இது யூசர் எரர், வண்டி மேல தப்பில்ல."

"எங்க ஆபீஸ்லயும் டெவலப்பருங்க மொதல்ல இதத்தான் சொல்றாங்க."

"மச்சி, அவசரப்பட்டு கம்ப்ளெய்ன்ட க்ளோஸ் பண்ணிடாத," என்றான் சேனாபதி, மூன்றாவது முறை சாதம் போட்டுக்கொண்டே. "அப்புறம் ப்ரொடக்‌ஷன்ல வெடிக்கும்."

"நீ சாப்புடுடா."

"அதத்தானே பண்ணிட்டிருக்கேன்."

தென்றல் கை கழுவிவிட்டுச் சாவியை எடுத்தாள். "கோளாற ரீப்ரொட்யூஸ் பண்ணிக் காட்டறேன். வாங்க. அந்தப் பக்கம் இல்லீங்க. இந்தப் பக்கம்."

அவள் காட்டிய கதவு பயணி பக்கத்துக் கதவு. சொந்தக் காரில் நஞ்சுண்டன் அந்த இருக்கையில் உட்கார்ந்ததே இல்லை.

635இல் வேகம் அறுபது மைலைத் தொட்டதும், லாரிகள் தேய்த்துவிட்ட தடத்தில் வண்டி இறங்கியது. ஸ்டியரிங் அசையவில்லை, மியாட்டா மட்டும் இடப்பக்கம் ஒரு முழம் நகர்ந்தது. அவள் திருத்தினாள். வலப்பக்கம் நகர்ந்தது. பக்கத்து லாரியின் சக்கரம் நஞ்சுண்டனின் காது மட்டத்தில் சுழன்றுகொண்டிருந்தது. அவன் வலது கால், இல்லாத பிரேக்கை அழுத்தியது.

"கை லூசாத்தான் இருக்குது, பாத்தீங்களா? இன்னும் லூசா விடட்டுங்களா?"

"வேண்டாம்."

"யூசர் எரர்னீங்க."

"எக்ஸிட் எடு, கண்ணு."

பெட்ரோல் பங்கில் நிறுத்தி, குனிந்து முன்டயர்களைப் பார்த்தான். வெளிப்பக்கம் புதிது போல் இருந்தது. உள்விளிம்பு வழுக்கை.

"இருந்தாலும் ஞாயித்துக்கெழம இது திரும்பற அழகு இருக்குதே," என்றான்.

"உங்களுக்கு ஞாயித்துக்கெழம மாசத்துல ஒண்ணு. எனக்குத் தெனமும் ரிச்சர்ட்சன். எது வேணும்னு இப்பவே சொல்லீருங்க, திங்கக்கெழம நான் ஆபீஸ்ல சொல்லோணும்."

வேலையை விடுவதைத்தான் சொல்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. டயரின் உள்விளிம்பை விரலால் தடவினான்.

"கேம்பர்ல பாதியாவது எனக்கு விடு. டோவ நீ எடுத்துக்க."

"சாஞ்சு வேணா நிக்கட்டும். நேராப் போனாச் சரி."

பட்டறை சாயங்காலம் வரை திறந்திருக்கும். அரிசியை எடுக்க வீட்டுக்குப் போனார்கள். அப்போதுதான் தெரிந்தது, மூன்று மூட்டை சாப்பிட்டாகிவிட்டது. சேனாபதி சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தான்.

டிக்கியில் நான்கு மூட்டை, ஐந்தாவது நஞ்சுண்டனின் மடியில். மறுபடியும் தென்றல்தான் ஓட்டினாள். பெல்ட் லைன் சாலையில் இந்தியக் கடையின் பலகை தெரிந்தது.

"இங்க நிறுத்து. இன்னும் மூணு வாங்கோணும்."

"எதுக்குங்க?"

"எட்டு வேணுமல்ல? நூத்தியறுபது பவுண்டு."

"நான் நூறுதானுங்க."

அவள் இண்டிகேட்டர் போடவில்லை. கடை பின்னால் போயிற்று. நஞ்சுண்டன் மடியிலிருந்த மூட்டையை நேராக்கி வைத்துக்கொண்டான்.

டேல் மூட்டைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, ஆள் இளைத்துவிட்டாரா என்று கேட்டார். ஓட்டுநர் மாறிவிட்டார் என்றான் நஞ்சுண்டன். முன்பக்கக் கேம்பர் ஒன்றேகால் டிகிரிக்குக் குறைந்தது. டோ நேர்கோட்டுக்கு வந்து, அதிலிருந்து ஒரு மயிரிழை உள்ளே போனது. டேல் முன்டயர்களையும் மாற்றினார். திரும்பும் வழியில் தென்றல் வேண்டுமென்றே லாரித் தடம் பார்த்து ஓட்டினாள். வண்டி பக்கவாட்டில் எங்கும் போகவில்லை. நஞ்சுண்டனின் கால் பழக்க தோஷத்தில் இரண்டு முறை அழுத்தியது.

மறுநாள் கூம்புப் போட்டி. கடைசி வளைவில் வண்டி சோம்பேறித்தனமாகத் திரும்புகிறது என்று நஞ்சுண்டன் எல்லாரிடமும் சொன்னான். மூன்று கூம்புகளைச் சாய்த்தான். அதற்கு முந்தைய மாதம் சாய்த்தது ஐந்து.

திங்கட்கிழமை நல்ல மழை. தென்றல் 635 வழியாகவே போனாள். காலைக் கூட்டத்துக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது மானேஜரே இன்னும் வந்திருக்கவில்லை.