பிந்தி வந்த காற்று

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்றுகொண்டிருந்தேன். வெயில் கொளுத்தியது. வானத்தில் ஒரு துண்டு முகில் இல்லை. காற்றும் இல்லை. நெடுந்தீவுக்குப் படகும் இல்லை என்றார்கள்.

ஏனாம்? தாழமுக்கமாம்.

எங்கே? வங்காள விரிகுடாவில்... திருகோணமலைக்கும் அப்பால், கண்ணுக்கெட்டாத எங்கோ.

என்னோடு வந்திருந்தவர் ரெஜினா அக்கா. எங்கள் பள்ளிக்கூடத்துச் சங்கீத ரீச்சர். நாரந்தனையில் வாழ்க்கைப்பட்டாலும் பிறந்தது நெடுந்தீவில். அங்கே அவருக்கு ஒரே ஒரு அண்ணன். கடை வைத்திருந்தவர்; இப்போது இருதயம் பழுதாகிப் படுக்கையில்.

இரண்டு பேருக்கும் பல வருடமாகப் பேச்சில்லை. காரணம்? அக்கா தன் மகளின் கலியாணத்துக்கு நேரே போய்ச் சொல்லவில்லை. அது மார்கழி மாதம், கடல் கொந்தளிப்பு. தெரிந்த ஒருவரிடம் கார்டைக் கொடுத்தனுப்பிவிட்டார். அண்ணன் ஒன்றுதான் கேட்டாராம்: “கார்ட் வந்த படகில உனக்கு இடம் இல்லையோ?”

கலியாணத்துக்கு அவர் வரவில்லை. அக்காவும் அதற்குப் பிறகு நெடுந்தீவுப் பக்கம் போகவில்லை. அவருக்கும் ரோசம் இருக்காதா, என்ன?

இப்போது அண்ணனே மகளிடம் சொல்லி ஆளனுப்பியிருந்தார் – ஒருக்கா வந்து பார்த்துவிட்டுப் போகச் சொல்லு என்று. அக்கா தயங்கவே இல்லை. பனங்கட்டியும் புது வேட்டியும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு வெளிக்கிட்டுவிட்டார். துணைக்கு நான்.

படகுக்காரரிடம் அக்கா கெஞ்சிப் பார்த்தார். அவர் மரியாதையாகத்தான் மறுத்தார். இப்போது கொண்டுபோய் விடலாம், திரும்பி வர ஏலாமல் போகும் என்றார். அவர் சொன்னதில் பிழை கிடையாது. தண்ணீர் மேலுக்குச் சும்மா கிடந்தாலும் துறைக்கல்லில் அலை நீளநீளமாக வந்து ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தது.

நான் படிப்பிப்பது புவியியல். பாடப்புத்தகத்தில் குளிர் முகப்பு, வெப்ப முகப்பு என்று ஓர் அத்தியாயமே இருக்கிறது. அவை எங்கள் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. பிள்ளைகள் பாடமாக்கி எழுதிப் புள்ளி வாங்கிவிடுவார்கள். எங்களை ஆட்டிவைப்பது தாழமுக்கம்தான். சூடான கடலில் காற்று மேலே எழும்ப, அங்கே அமுக்கம் குறைகிறது. அதை நிரப்பச் சுற்றியுள்ள காற்று சுழன்றுகொண்டு ஓடுகிறது. சரி... மேலே போன காற்று எங்கேயாவது இறங்கத்தானே வேண்டும்? அது தூரத்தில், விளிம்புக்கு அப்பால் இறங்கும். இறங்கும் காற்று முகிலைக் கலைத்துவிடும். அதனால்தான் புயலுக்கு முதல் நாள் அப்படியொரு வெயில், அப்படியொரு புழுக்கம்.

வகுப்பில் இதைச் சொல்வது சுலபம். ஒரு நோயாளியிடம் ஃபோனில் சொல்வது?

அக்கா அழைத்தார். அண்ணனின் மகள் ஃபோனை அவர் காதில் வைத்தாள். பல வருடங்களுக்குப் பிறகு முதல் பேச்சு.

“அண்ணை... வந்திட்டன், துறையிலதான் நிக்கிறன். படகு விடேல்லையாம். கடல் சரியில்லையாம்.”

 மூச்சு வாங்கி வாங்கி, மெதுவாக அவர் குரல் வந்தது.

“இஞ்சை வெயில் எறிக்குது, ரெஜினா.”

அக்காவின் முகம் செத்துவிட்டது. “நீராவது சொல்லும்” என்று ஃபோனை என்னிடம் நீட்டினார். நான் சொன்னேன் – அமுக்கம், சுழற்சி, நாளைக்கு வரப்போகும் மழை, எல்லாம். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். “ஓம் பிள்ளை” என்றார். அவ்வளவுதான். அந்த ‘ஓம்’ நம்பியவரின் ‘ஓம்’ இல்லை. படுக்கையில் கிடப்பவருக்கு யன்னலில் தெரிவதுதானே வானிலை? அவரை எப்படிக் குறை சொல்ல?

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா அந்தப் பையை மடியிலேயே வைத்திருந்தார்.

அன்று பின்னேரமே அண்ணன் போய்விட்டார்.

அடுத்த நாள் மழைக்குள் அடக்கம் செய்தார்களாம். தங்கச்சி வரட்டும் என்று காத்திருக்க வழியில்லை. வடக்கிலிருந்து காற்று அடியடியென்று அடித்தது. சுருவிலில் என் வீட்டு வேலி முழுக்கச் சரிந்து கிடந்தது.

படகு ஓடத் தொடங்கிய அன்றைக்கே மறுபடி போனோம். முதலில் சேமக்காலை, அண்ணனைப் புதைத்த இடம். ஈர மண்ணில் அக்கா முழந்தாளிட்டுச் செபித்தார், அழவில்லை. பிறகு வீடு. அண்ணனின் மனைவி, அக்காவுக்கு மச்சாள், தேத்தண்ணி தந்தார். அக்கா அதைத் தொடவில்லை. அண்ணன் கடைசியாக ஏதும் சொன்னாரா என்று கேட்பார் என நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

“காத்து எப்ப வெளிக்கிட்டது, மச்சாள்?”

மச்சாள் யோசித்தார்.

“அவர் கண்ணை மூடினாப் பிறகுதான். அதுவரைக்கும் நல்ல வெயில்.”

அக்கா தலையை ஆட்டினார். ஓர் அரை நாள் முந்தி அந்தக் காற்று வந்திருந்தால்? யன்னல் கதவு ஒருமுறை படாரென்று அடித்திருந்தால்? தங்கச்சி பொய்ச் சாட்டுச் சொல்லவில்லை என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கும். காற்றுக்கு அண்ணன் தங்கச்சிக் கோபம் எங்கே தெரியப்போகிறது... அது தன் பாட்டில் வந்தது, தன் பாட்டில் போனது.

குறிகட்டுவானில் இறங்கி பஸ் ஏறினோம். ரேடியோவில் செய்தி போய்க்கொண்டிருந்தது. தாழமுக்கம் வலுவிழந்து வடக்கே விலகிவிட்டதாம்.

தீவுப் பகுதியில் குறிப்பிடத்தக்க பாதிப்பு எதுவும் இல்லையாம்.