பிலோமினாவின் காலி நாள்

பிலோமினாவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தபோது நான் விழுப்புரம் புதிய பேருந்து நிலையத்துக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தேன். நாலைந்து நாளாக அணைந்திருந்த எண் அது. திரையில் அவள் பெயரைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே எடுத்தேன். "என்னா பிலோ, ஜல்தியா முடிஞ்சிடுச்சா உன் காலி நாளு?" என்றேன். மறுமுனையில் வேறொரு பெண் குரல், "நான் அவ தங்கச்சி பேசறேங்க. அக்கா போயிடுச்சிங்க" என்றது.

காய்ச்சல். ஒப்பந்தம் முடிகிற வாரத்தில் வெயிலில் நின்று மிச்ச வயல்களை அளந்து முடித்திருக்கிறாள். திண்டிவனத்தில் வீட்டுக்குப் போய்ப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. நாம் யாரும் தேடவில்லை. நம்மைப் போன்ற ஒப்பந்த அளவையாளர்களுக்கு மருத்துவ விடுப்பு கிடையாது, விசாரிக்க மேலாளரும் கிடையாது. அவளுக்கு நாம் இருந்தோம். ஆனால் ஒப்பந்தம் முடிந்தால் அவள் போனை அணைத்துவிடுவாள் என்பது நமக்கெல்லாம் தெரியும். நானும் இரண்டொரு முறை அழைத்தேன். அணைந்திருந்தது. காலி நாளில் இருக்கிறாள் என்று நினைத்து வைத்துவிட்டேன். இதைப் படிக்கும் சக அளவையாளர்களே, நீங்களும் அப்படித்தான் நினைத்தீர்கள்.

அந்தக் காலி நாளைப் பற்றித்தான் எழுத வேண்டும். அவளைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் எங்கள் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊர் ஊராகப் போய் வயல், கிணறு, பாதை, மரம் ஆகியவற்றைப் போனில் ஒரு செயலியில் குறிப்போம். வரைபடம் யாருக்கு, எதற்கு என்று எங்களுக்குச் சொல்லமாட்டார்கள். ஊர்க்காரர்கள் கேட்டால் 'சும்மா சர்வே' என்று சொல்ல வேண்டும். சில மாதம் கழித்து அதே வயலில், நிலத்தை எடுத்துக்கொள்ள எல்லைக் கல் நடுவார்கள். அப்போது நாங்கள் வேறு ஊரில் 'சும்மா சர்வே' என்று சொல்லிக்கொண்டிருப்போம்.

ஒப்பந்தம் முடியப் போகும்போது நீட்டிப்புக் கேட்டு அலுவலகத்திலிருந்து செய்தி வரும். நாமெல்லாம் பார்த்த நொடியில் 'ஓகே சார்' போடுகிறவர்கள். அடுத்த மாத வாடகையை நினைத்தால் விரல் தானாக அழுத்தும். பிலோமினா மட்டும் போடமாட்டாள். "முடியட்டும் சார், அப்பறமா பேசிக்கலாம்" என்பாள். விழுப்புரம் அலுவலக ஒருங்கிணைப்பாளர் கெஞ்சுவார், மிரட்டுவார். "முடிஞ்சது முடிஞ்ச மாதிரி கொஞ்சம் கெடக்கட்டும் சார். பொணத்தக்கூட ஒடனே தூக்கமாட்டாங்க" என்று ஒருமுறை அவரிடமே சொன்னாள். அறையே சிரித்தது. இப்போது அதை எழுதும்போது கை கூசுகிறது.

முடிந்த பிறகு போனை வீட்டில் வைத்துவிட்டு எங்கே போகிறாள் என்று எனக்கு வெகுநாள் தெரியாது. மேல்மலையனூருக்கு நேர்த்திக்கடன் என்று ஒருவர் சொன்னார். வேளாங்கண்ணி என்று இன்னொருவர் சொன்னார். ஒருநாள் ஒலக்கூர்ப் பக்கம் பைக்கில் போகும்போது ஒரு வரப்பின்மேல் அவள் தனியாக வருவதைப் பார்த்தேன். கையில் பை இல்லை, கழுத்தில் அடையாள அட்டை இல்லை.

"இங்க என்னா பண்ற?"

"அளந்த ஊர சுத்திக்கினு இருக்கேன். யோவ், நீயும் ஒரு வாட்டி போன் இல்லாம வந்து பாரு. நாலு வீட்ல தண்ணி கேளு. குடுத்தா எக்ஸ்டென்ஷன் ஒத்துக்கோ. கதவ சாத்தினா விட்டுடு."

"தண்ணிக்கும் எக்ஸ்டென்ஷனுக்கும் என்னா சம்பந்தம்?"

"நாம என்னா வேல பாத்தோம்னு ஆபீசு சொல்லாது. அந்தச் சொம்பு சொல்லும்."

எனக்கு எரிச்சலாக வந்தது. "உனக்குப் புருஷன் புள்ள இல்ல, நீ சொம்ப கேப்ப" என்றேன். அவள் கோபப்படவில்லை. "தண்ணி குடுத்துட்டாங்கய்யா, அதான் பேஜாரு. இன்னும் ஆறு மாசம் உன் மூஞ்சியப் பாக்கணும்" என்றாள்.

நானும் அவளும் சேர்ந்து அளந்த ஓர் ஊரில் சுடுகாடு குறுக்கே வந்தது. எங்கள் செயலியில் சுடுகாடு என்று ஒரு வகையே இல்லை. நஞ்சை, புஞ்சை, தரிசு, கட்டடம், அவ்வளவுதான். ஒருங்கிணைப்பாளர் போனில் 'தரிசுன்னு போடுங்க' என்றார். தரிசு என்று போட்டால் அந்த நிலத்தைக் கேட்க ஆள் இல்லை என்று பொருள். பிலோமினா 'கட்டடம்' என்று அழுத்தினாள். கட்டடம் என்றால் அடுத்த கேள்வி வரும்: உள்ளே ஆட்கள் வசிக்கிறார்களா? ஆம் என்று அழுத்தினாள். நான் கத்தினேன். "ஆளு இருக்காங்களான்னு கேக்குது. இருக்காங்கதானே?" என்றாள். சிதைந்த சமாதிகளைப் பார்த்துக் கையை நீட்டிக் காட்டினாள். அந்தப் பதிவு இன்னும் அப்படியே இருக்கிறது.

அவளை அவர்கள் ஊர் மாதாகோயிலுக்குப் பின்னால் அடக்கம் செய்தோம். மறுவாரம் வேலை நடுவில் செயலியைத் திறந்தேன். வரைபடத்தில் நாம் ஒவ்வொருவரும் ஒரு பச்சைப் புள்ளி, பக்கத்தில் பெயர். ஒலக்கூருக்குக் கிழக்கே ஒரு புள்ளி நகர்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் 'பிலோமினா' என்று இருந்தது.

பழைய பதிவாக இருக்கும் என்று மூடிவிட்டுத் திரும்பத் திறந்தேன். புள்ளி வரப்போடு போனது. ஒரு கிணற்றில் நின்றது. சற்று நேரம் கழித்து அடுத்த கிணற்றுக்குப் போய் அங்கும் நின்றது. பிலோமினா கிணற்றை எட்டிப் பார்க்காமல் தாண்டமாட்டாள். நல்ல வெயில், சுற்றிலும் நடவு ஆட்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். பைக்கை எடுத்துக்கொண்டு அந்தப் புள்ளியை நோக்கிப் போனேன்.

நிலக்கடலை போட்ட மல்லாட்டைக் கொல்லை ஒன்றில், தலையில் துப்பட்டா சுற்றிய பெண் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். என்னையும் மீறி "பிலோ" என்று கூப்பிட்டுவிட்டேன். அவள் திரும்பி, "சொல்லுங்க சார்" என்றாள்.

இருபது வயதிருக்கும். முன்பின் பார்த்திராத முகம். கழுத்து அட்டையில் பிலோமினாவின் பெயர் இருந்தது, படம் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

"இது உன் பேராம்மா?"

"இல்லைங்க. இந்த ஐடிதான் குடுத்தாங்க. மொதல்ல யாராவது கூப்ட்டா திரும்பமாட்டேன். இப்ப பழகிடுச்சிங்க."

"இந்தப் பேருக்காரங்க யாருன்னு தெரியுமா?"

"வேலைய விட்டுட்டாங்கன்னு சொன்னாங்க."

நேராக அலுவலகத்துக்குப் போனேன். ஒருங்கிணைப்பாளர் நிதானமாகப் பேசினார். "எக்ஸ்டென்ஷன் அனுப்பினோம். அவங்க ரிப்ளை பண்ணல. புது ரூல் படிக்கலியா? மூணு நாள்ல பதில் வரலன்னா சம்மதம்னு எடுத்துப்போம்."

"செத்துட்டாங்க சார்."

"அத யாரும் மெயில்ல சொல்லலியே. புது ஐடிக்குச் சென்னைல கேக்கணும், லேட்டாவும். இருக்கறதுலயே ஓட்டிக்கினு இருக்கோம். உங்களுதுகூட வந்திருக்கும், பாருங்க."

வந்திருந்தது. அதன் அடியில் அந்த விதியும் இருந்தது. ஒன்று முடியாமல் இன்னொன்றுக்குச் சம்மதம் சொல்லாதவள் பிலோமினா. அவளிடமிருந்து அவள் செத்த பிறகு சம்மதம் வாங்கிவிட்டார்கள். அவள் அமைதியாக இருந்ததுதான் கையெழுத்து. இந்த ஊரில் நிலத்துக்காரனிடமும் இப்படித்தான் சம்மதம் வாங்குகிறார்கள். நோட்டீஸை எங்கோ ஒரு சுவரில் ஒட்டிவிட்டு, ஆட்சேபணை இல்லை என்று எழுதிக்கொள்கிறார்கள்.

என் ஒப்பந்தம் முடிந்தது. கைவசம் வேறு வேலை இல்லை. நீட்டிப்பை விட்டால் அடுத்த மாதம் அறையைக் காலி செய்ய வேண்டியதுதான். அவள் சொன்னபடி போனை அறையில் வைத்துவிட்டு ஒலக்கூர்ப் பக்கம் போனேன். நானும் அவளும் அளந்த ஊர். தெருவில் ஒரு பெண் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் கேட்டேன். ஏற இறங்கப் பார்த்தார்.

"அளக்க வந்த ஆளுதானே நீ? முன்ன ஒரு பிலோமினா வருவா, கேட்டு வாங்கிக் குடிப்பா. இப்ப வர்ற பிலோமினா பாட்டில் கொண்டாறா, யார்கிட்டயும் பேசறதில்ல. ஏம்ப்பா, உங்க கம்பெனில எல்லாருக்கும் ஒரே பேருதானா? உம்பேரும் பிலோமினாவா?"

அவர் கொல்லை மூலையில் புதிதாகச் சாயம் அடித்த ஒரு கல்லைக் காட்டினார். "நீங்க வந்துட்டுப் போன அப்பறம்தான் அது மொளச்சிது" என்றார். முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கதவைச் சாத்தினார். அடுத்த வீட்டில் நான் கேட்கும் முன்பே சாத்தினார்கள்.

திரும்பி வந்து போனை எடுத்து, 'நீட்டிப்பு வேண்டாம். பிலோமினா இறந்துவிட்டார், அவர் பெயரை எடுத்துவிடுங்கள்' என்று எழுதி அனுப்பினேன். பதில் இல்லை. அவர்கள் பதில் சொல்லாவிட்டால் மட்டும் அது சம்மதம் ஆகாது. நேற்று செயலியை அழிக்கும் முன் கடைசியாக ஒருமுறை திறந்து பார்த்தேன். அவள் புள்ளி ஒலக்கூரில் ஒரு கிணற்றருகே நின்றது. வல்லத்துக்குப் பக்கத்தில் இன்னொரு புள்ளி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் என் பெயர் இருந்தது. நான் இதுவரை வல்லத்தில் வேலை பார்த்ததில்லை.

பிலோமினாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் காலி நாளை மட்டும்தான். அதிலும் ஒரு திருத்தம் செய்திருக்கிறேன்: 'வேண்டாம்' என்று வாய் திறந்து சொல்லிவிட்டுத்தான் இனிமேல் போனை அணைப்பேன். அணைந்திருந்தால், தயவுசெய்து வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுங்கள். வரைபடத்தில் என் பெயர் நடமாடுவதைப் பார்த்து நன்றாக இருக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். எந்த ஊரிலாவது அந்தப் பெயர்க்காரன் உங்கள் எதிரே வந்தால் கொஞ்சம் நின்று கவனியுங்கள். தண்ணீர் கேட்டால்தான் அது நான்.